பல் டாக்டரின் ஆடு இட்ட முட்டை

பல் டாக்டரின் வெள்ளாடு மழைக்காலத்தின் முதல் திங்கட்கிழமை முட்டையிட்டது. முட்டை தேங்காய் அளவு இருந்தது. மேலே லேசாக மயிர். ஆடு அதை முகர்ந்து பார்த்துவிட்டு, யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன சாமான் போல அங்கேயே விட்டு, வைக்கோல் மெல்லப் போய்விட்டது.

தப்பு டாக்டருடையது. ஆயுள் முழுக்க அடுத்தவர் வாயைப் பிளந்து பார்த்த மனிதர், ஓய்வு பெற்றதும் ஊருக்கு வெளியே நிலம் வாங்கி, ஆடு, கோழி, வாத்து, கழுதை என்று கண்ணில் பட்டதையெல்லாம் ஓட்டி வந்து ஒரே கொட்டகையில் அடைத்தார். நடுவில் ஒரு தட்டிகூடக் கிடையாது. தீவனமும் ஒரே அண்டாவில்தான். தவிடு, சோளம், புண்ணாக்கு எல்லாவற்றையும் கொட்டிக் கிண்டி வைப்பார். “கோழித் தீவனத்த ஆடு தின்னா வயிறு ஊதிப்போகும் சார்” என்று கால்நடை டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். “உள்ள போனா எல்லாம் ஒண்ணுதானே” என்றார் இவர். பல்லுக்குக் கீழே நடப்பது பற்றி அவருக்கு அவ்வளவுதான் தெரியும். முதல் வருஷம் விடியற்காலையில் கழுதை கூவியது. அடுத்த வருஷம் கோழிகள் அசைபோட ஆரம்பித்தன. அதற்கடுத்த வருஷம் அதைப் பற்றிப் பேசுவதையே எல்லோரும் விட்டுவிட்டார்கள்.

டாக்டரின் மனைவிக்கு இந்தப் பண்ணையே ஆகாது. காலமெல்லாம் கிளினிக்கில் டோக்கன் கொடுத்து, கன்னம் வீங்கியவர்களின் முனகலைக் கேட்டு அலுத்தவள். அவள் ஆசைப்பட்டதெல்லாம் தங்கை குடியிருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் வைத்த ஒரு ஃப்ளாட், சாணி நாற்றமில்லாத துணிமணி. வந்த அன்றே கணவரிடம் வாக்கு வாங்கியிருந்தாள்: “இதுல ஒண்ணு செத்தாலும் மூட்டையக் கட்டிடணும்.” ஆனால் அந்தச் சனியன்கள் சாகவில்லை. தும்மக்கூட இல்லை.

இப்போது முட்டை வந்து சேர்ந்தது. கோழிகள் அதன்மேல் ஏறி வழுக்கி விழுந்தன. வாத்து முறைத்துவிட்டுப் போனது. கழுதை உட்கார முன்வந்தது, யாரும் சம்மதிக்கவில்லை. டாக்டர் கிளினிக் விளக்கை எடுத்து வந்து சூடு காட்டினார். மழையில் கரண்ட் போனது. “உள்ள உயிர் இருக்கும்மா, சாயங்காலத்துக்குள்ள சூடு கிடைக்கலன்னா போயிடும்” என்று கண் கலங்கியவர், வெந்நீர்ப் பை வாங்க ஊருக்குள் ஓடினார்.

அவள் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை. சும்மா இருந்தால் போதும், ஃப்ளாட் வந்துவிடும். டீ போட்டுக் குடித்தாள். முட்டை சில்லிட்டுக்கொண்டே வந்தது. “எக்கேடோ கெட்டுப் போ, நீ போனாத்தான் எனக்கு விடிவு காலம்” என்று அதனிடமே சொன்னாள். தொட்டும் பார்த்தாள். உள்ளிருந்து ஏதோ மெதுவாக உதைத்தது. அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. முட்டையையும் கணவரையும் கணவரின் மொத்தப் பரம்பரையையும் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே, அதைத் தூக்கி வயிற்றோடு அணைத்துப் போர்வையைச் சுற்றிக்கொண்டாள். சொட்டச் சொட்ட நனைந்து வந்த டாக்டர் வாசலிலேயே நின்றுவிட்டார். “வாயைப் பொளந்துக்கிட்டு நிக்காதீங்க. தலகாணி எடுத்துட்டு வாங்க” என்றாள்.

அந்த மழைக்காலம் முழுக்க அவள் அடைகாத்தாள். டாக்டர் சமைத்தார், அந்தக் கொடுமையைச் சொல்லி மாளாது. ஓடு உடைந்து வெளியே வந்த குட்டி, முதலில் கண்ணில் பட்டவளையே அம்மா என்று முடிவு செய்து, அவள் கொல்லைக்குப் போனாலும் குளிக்கப் போனாலும் கத்திக்கொண்டே பின்னால் ஓடியது. வெள்ளாட்டுக்குப் பால் சுரக்கவில்லை. வாத்துக்குச் சுரந்தது.

தங்கை போன் செய்தாள். கீழ்வீடு காலியாம், இனிமேல் காத்திருக்க மாட்டார்களாம், வருகிறாளா இல்லையா?

“வரலடி” என்றாள் அவள். குட்டி மடியில் தூங்கிக்கொண்டிருந்ததால் குரலைத் தாழ்த்தித்தான் பேசினாள். “ஒரு நிமிஷம்கூட இது என்னை விட்டு இருக்காது. முட்டையில பொறந்த ஆட்டுக்குட்டி, பாவம்.”



“அக்கா, அடுத்த தடவ ஆடு முட்ட போட்டா, எனக்கு ஒண்ணு எடுத்து வை” என்றாள் தங்கை.