தானாக ஒட்டிய ஸ்க்ரூ

தூணுவுக்குக் கை பெரிது. தண்ணீர் டம்ளரைப் பிடித்தால் டம்ளர் வெளியே தெரியாது. குளிர்கிடங்கில் அவனோடு மூட்டை இறக்குகிறவர்கள் வைத்த பெயர்தான் தூணு. பெற்றவர்கள் வைத்த பெயர் என்ன என்று திடீரென்று யாராவது கேட்டால், அவனே ஒரு நொடி யோசித்துத்தான் சொல்வான்.

அந்தப் பெரிய கையில் ஒரு சின்ன வாட்ச் கட்டியிருந்தான். சாவி கொடுத்தால் ஓடுகிற பழைய ரகம். முன்பிருந்த மேஸ்திரி வேலையை விட்டுப் போகிற அன்று தன் கையிலிருந்து கழற்றி இவன் கையில் கட்டிவிட்டுப் போனது. அழகுக்காகக் கட்டிக்கொண்டதில்லை. பனி அறைக்குள் போனால் இவ்வளவு நேரத்துக்கு மேல் நிற்கக்கூடாது என்று கணக்கு உண்டு. மீறி நின்றால் விரல் மரத்து, மூட்டை நழுவி, யார் காலிலாவது விழும். போனை உள்ளே கொண்டுபோனால் குளிரில் செத்துவிடும். அதனால் மொத்தக் கூட்டத்தையும் உள்ளே அனுப்புவதும் வெளியே கூட்டிவருவதும் தூணு கையிலிருந்த அந்த வாட்ச்தான்.

அது ஒருநாள் நின்றுவிட்டது. தட்டினால் நாலு தடவை துடிக்கும், மறுபடி படுத்துவிடும். வீட்டுக்கு வந்து மேஜைமேல் வைத்துவிட்டு, "கடையில குடுக்கணும்" என்றான்.

அவன் மனைவி அதை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தாள்.

"கடைக்கு வேணாங்க. நானே பாக்கறேன்."

தூணு சிரிக்கப் போனவன், அவள் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டான்.

அவள் சட்டைக் கம்பெனியில் காலர் தைக்கிறவள். காலர் தைப்பது அங்கே எல்லோருக்கும் வராது. முனை இரண்டும் ஒரே மாதிரி நிற்கவேண்டும். அவள் தைத்த காலரை சூப்பர்வைசர் அளந்துகூடப் பார்ப்பதில்லை. அப்படி இருந்தவளுக்கு ஒருநாள் மிஷின் ஊசி ஆள்காட்டி விரலில் இறங்கி மறுபக்கம் வந்துவிட்டது. புண் ஆறிவிட்டது. விரல்தான் பழைய விரலாக வரவில்லை. நுனியில் உணர்ச்சி குறைவு. சின்னதாக எதையாவது பிடித்தால் நடுக்கம். அதற்குப் பிறகு அவள் ஊசியைக் கையால் தொடவே இல்லை. ஒரு பொத்தான் அறுந்தால்கூடத் தைக்காமல் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தாள்.

வரும் திங்கட்கிழமை கம்பெனிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். காலர் மிஷினில் உட்காரவேண்டும். தையல் நேராகப் போனால் பழைய இடம். கோணினால் நூல் வெட்டுகிற மேஜை. நூல் வெட்டுகிறவர்கள் சாயங்காலம் வெளியே வரும்போது தலையிலிருந்து கால்வரை வெட்டுநூல் ஒட்டியிருக்கும். அதைப் பற்றி அவள் ஒன்றும் கேவலமாகச் சொன்னதில்லை. ஆனால் ராத்திரி அந்த விரலைத் தேய்த்துக்கொண்டே படுத்திருப்பது தூணுவுக்குத் தெரியும்.

"ஊசி இல்லாம இந்தக் கைய நான் பழக்கணும். இதுக்குள்ள இருக்கறதைவிடச் சின்ன சாமான் வேற எங்க கிடைக்கும்?" என்றாள்.

தூணு வாட்சை அவள் பக்கம் தள்ளினான். "எடுத்துக்க" என்றான்.

வாட்ச் சாமான் விற்கிற கடைக்குப் போய் கண்ணில் மாட்டுகிற பூதக்கண்ணாடி, மெலிந்த இடுக்கி, குட்டி ஸ்க்ரூ டிரைவர், குண்டுமணி அளவு எண்ணெய்க் குப்பி எல்லாம் வாங்கிவந்தாள். அதோடு நிற்கவில்லை. பழைய மூடிக் கண்ணாடி கீறல் விழுந்து மங்கிப்போயிருந்தது, அதற்குப் புதுசு. முள் இரண்டும் கறுத்திருந்தன, அதற்குப் பதில் இருட்டில் பச்சையாக ஒளிருகிற முள்.

"பனி ரூம்ல லைட்டு அழுது வடியுதுன்னு சொல்வீங்கல்ல? இனிமே அதை நம்ப வேணாம்."

சாயங்காலம் தூணு வேலை முடிந்து வரும்போது ஜன்னலோரம் வெள்ளைத் துணி விரித்து உட்கார்ந்திருப்பாள். சட்டைக்கு வெட்டிய துண்டுகளை எந்த வரிசையில் அடுக்குவாளோ அதே வரிசையில் வாட்சைப் பிரித்து அடுக்கியிருப்பாள். ஒவ்வொன்றையும் கழற்றுமுன் போனில் ஒரு படம். கழற்றியதன்மேல் தூசி விழாமல் கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்துவிடுவாள். வீட்டில் தண்ணீர் குடிக்க டம்ளர் இல்லை. தூணு செம்போடு குடித்தான்.

அவனும் எதிரே உட்கார்ந்து பார்ப்பான். ஊசலாடுகிற அந்தக் குட்டிச் சக்கரத்தை அவள் தூக்கினபோது, அதன் அடியில் தலைமுடியைவிட மெலிந்த ஒரு ஸ்பிரிங் சுருள்சுருளாகத் தொங்கியது. இத்தனை நாள் இதைக் கையில் கட்டிக்கொண்டா மூட்டை தூக்கினோம் என்று அவனுக்கு வியர்த்துவிட்டது.

"மூச்சை அந்தப் பக்கம் விடுங்க" என்றாள் நிமிராமல்.

"மூச்சா?"

"நீங்க விடறது மூச்சா, புயலு. பல்சக்கரம் பறந்துடும்."

அன்றிலிருந்து தூணு கன்னத்தைத் திருப்பிக்கொண்டே மூச்சுவிட்டான்.

முதலில் அவள் கை படாதபாடு படுத்தியது. ஒரு ஸ்க்ரூவைப் பிடித்தால் நடுங்கும், நழுவும், துணியில் விழும். மறுபடி. மறுபடி. பார்க்கிறவனுக்குப் பல் கூசியது. அவளோ உதட்டைக் கடித்துக்கொண்டு விழுந்ததை எடுத்தாள். ஒரு தடவைகூடச் சலித்துக்கொள்ளவில்லை. நூறு கிலோ தூக்குகிறவர்களைத் தூணு பார்த்திருக்கிறான், தானே தூக்கியிருக்கிறான். ஒரு எள்ளைத் தூக்க இவ்வளவு பலம் வேண்டியிருக்கும் என்று அவனுக்கு அதுவரை தெரியாது.

ஒருநாள் ஒரு ஸ்க்ரூ துள்ளித் தரைக்குப் போய்விட்டது. இரண்டு பேரும் மண்டியிட்டுத் தேடினார்கள். கிடைக்கவில்லை. அப்போது அவள் தையல்காரிகள் செய்கிற காரியத்தைச் செய்தாள். ஊசி டப்பா மூடியில் ஒட்டியிருந்த காந்தத்தை எடுத்துத் தரையோடு தரையாக இழுத்துக்கொண்டு போனாள். சிந்தின குண்டூசியை அப்படித்தான் பொறுக்குவார்கள். கட்டில் காலருகே போனதும் ஸ்க்ரூ வந்து ஒட்டிக்கொண்டது.

"அட்றா சக்க!" என்றான் தூணு.

அதற்குப் பிறகு கழற்றிய ஸ்க்ரூ அத்தனையையும் அந்தக் காந்தத்தின்மேலேயே நிறுத்திவைத்தாள். இடுக்கியையும் அதன்மேலேயே சாய்த்துவைத்தாள். கம்பெனியில் குண்டூசி வைக்கிற பழக்கம் அப்படி. ஒன்றும் தொலையவில்லை.

அதிசயம் மறுநாளிலிருந்து தொடங்கியது. பெட்ரோலில் கழுவித் துடைத்த சாமானை ஒவ்வொன்றாகத் திரும்பப் பூட்டினாள். இடுக்கியைக் கொண்டுபோனாலே ஸ்க்ரூ வந்து உட்கார்ந்தது. நழுவவில்லை, விழவில்லை.

"பாத்தீங்களா? கை வந்துடுச்சுங்க!" அவள் இடுக்கியைத் தூக்கிக் காட்டினாள்.

தூணு பார்த்தான். சும்மா சொல்லக்கூடாது, கண் நிறைந்துபோய்ப் பார்த்தான். கம்பி முனையில் எண்ணெய் தொட்டு, பொட்டுக்குப் பாதி அளவு வைத்தாள். பச்சை முள்ளை மாட்டினாள். சாவி கொடுத்ததும் சக்கரம் திடுக்கென்று விழித்துக்கொண்டு ஓடியது.

கீழ்வீட்டிலிருந்து தூணுவின் தங்கை வந்து பார்த்தாள். அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம்.

"உள்ள எல்லாம் பளபளன்னு பண்ணிட்டு இந்த வாரை அப்படியே விட்டீங்களே அண்ணி! வேர்வையில ஊறிப் போய் ஊறுகாய் மாதிரி இருக்கு. ரெண்டு தோல் துண்டை வெச்சுத் தச்சா என்ன?"

"தைக்கறதெல்லாம் திங்கக்கிழமை பாத்துக்கலாம்" என்று அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சனிக்கிழமை தூணு வாட்சைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனான். பனி அறை இருட்டில் பச்சை முள் பூனைக் கண்ணாக மின்னியது. வேளை ஆனதும் "வெளிய வாங்கப்பா" என்றான். வந்தார்கள். மறுபடி உள்ளே, மறுபடி வெளியே. ஒருவருக்கும் விரல் மரக்கவில்லை. "அண்ணி கை பட்ட வாட்சுடா, குளிரே தெரியல" என்று கூட்டம் குஷியாகிவிட்டது.

மத்தியானம் இப்போதைய மேஸ்திரி இடுப்பில் கைவைத்துக்கொண்டு வந்தார்.

"ஏம்பா தூணு, இப்பதான உள்ள போனீங்க? அதுக்குள்ள டீ குடிச்சிட்டு நிக்கறீங்க?"

"டைம் ஆச்சுங்களே" என்று கையை நீட்டினான்.

மேஸ்திரி சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார். தூணு வாட்சில் கிட்டத்தட்ட சாயங்காலமே ஆகியிருந்தது.

"உன் வாட்ச் உனக்கு முன்னாலயே வீட்டுக்குப் போயிடும் போல" என்றார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. "அண்ணே, ரிப்பேர் பண்ணிடாதீங்க, இப்படியே இருக்கட்டும்" என்று ஒருவன் கையெடுத்துக் கும்பிட்டான்.

தூணு இதை வீட்டில் சிரிப்பாகத்தான் சொன்னான். அவள் சிரிக்கவில்லை. பின்மூடியைத் திறந்து பூதக்கண்ணாடியை மாட்டிப் பார்த்தாள். மெல்லிய ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. நீளமாக ஆடவேண்டியது குட்டையாக ஆடிக்கொண்டிருந்தது. யோசனையோடு இடுக்கியைக் கீழே வைத்தாள். பக்கத்தில் கிடந்த குண்டூசி ஒன்று தானாக உருண்டுவந்து இடுக்கியில் ஒட்டிக்கொண்டது.

அவள் அதையே பார்த்தாள். குண்டூசியைப் பிடுங்கித் தள்ளி வைத்தாள். மறுபடி வந்து ஒட்டியது.

"காந்தம் ஏறியிருக்குங்க. எல்லாத்துலயும்" என்றாள் மெதுவாக. பிறகு தன் விரலைப் பார்த்தாள். "அப்போ ஸ்க்ரூவைப் புடிச்சது என் கை இல்லை."

வாட்ச் தப்பாக ஓடினது தூணுவுக்குப் பெரிதாகப் படவில்லை. அவள் கையை மடியில் போட்டு மற்றக் கையால் மூடிக்கொண்டாளே, அதுதான் தாங்கவில்லை.

தங்கை புருஷன் டிவி ரிப்பேர்காரன். ஞாயிற்றுக்கிழமை காலையில் தூணு அவனைக் கூட்டிவந்தான். அவன் தோளில் ஒரு வளையம் மாட்டிக்கொண்டு வந்தான், செப்புக் கம்பியைத் தட்டு அளவுக்குச் சுற்றியது. பழைய டிவி மூலையில் கலர் திட்டுத்திட்டாகப் படிந்தால் அதைக் காட்டித்தான் எடுப்பானாம்.

"இதுக்குப் போய் ஏன்க்கா இப்படி உட்காந்திருக்கீங்க? காந்தம் ஏத்தறது சுலபம், எறக்கறது அதைவிடச் சுலபம்" என்று கரண்டில் சொருகினான். வளையம் உம்மென்று முனகியது. வாட்சுக்குமேல் காட்டி, நடந்து நடந்து பின்வாங்கி, கதவுவரை போய் அணைத்தான். அப்புறம் இடுக்கிக்கு. அப்புறம் டிரைவருக்கு.

சுருள்கள் பிரிந்து அழகாக மூச்சுவிட்டன. சுவர்க் கடிகாரத்தோடு வைத்துப் பார்த்தார்கள். இரண்டும் ஜோடி சேர்ந்து நடந்தன.

"முடிஞ்சது கதை. கட்டிக்கங்க மச்சான்" என்றான் டிவிக்காரன்.

"இருங்க" என்றாள் அவள். "நான் திரும்பவும் கழட்டணும்."

"ஓடற வாட்சையா?" தங்கை வாயில் கைவைத்தாள். "அண்ணி, அது என்ன பாவம் பண்ணுச்சு?"

அவள் தூணுவை மட்டும் பார்த்தாள். "காந்தம் இல்லாம முடியுதான்னு எனக்குத் தெரியணும். கெட்டாலும் கெட்டுடும். உங்களுது. நீங்க சொன்னாத்தான்."

பழைய மேஸ்திரி கட்டிவிட்ட வாட்ச். நாளைக்கு உள்ளே போகிறவர்களை வெளியே கூட்டிவரவேண்டிய வாட்ச். தூணு ஒரு நொடிகூட எடுத்துக்கொள்ளவில்லை. மேஜையை ஜன்னல் பக்கமாக நகர்த்தினான். டம்ளர்களைத் துடைத்துக் கொண்டுவந்து வைத்தான்.

"கழட்டு" என்றான்.

ஸ்பிரிங்கின் முறுக்கை இறக்கிவிட்டுக் கழற்றினாள். பிறகு பூட்டத் தொடங்கினாள். இடுக்கியைக் கொண்டுபோனாள். ஸ்க்ரூ வரவில்லை. அது பாட்டுக்குக் கிடந்தது. பிடித்தாள், நழுவியது. நடுக்கம் இருந்தது, எங்கும் போய்விடவில்லை. தங்கை ஏதோ சொல்ல வாயெடுத்தாள். டிவிக்காரன் அவள் தொடையில் கிள்ளினான்.

மறுபடி பிடித்தாள். இந்தத் தடவை அவசரப்படவில்லை. நடுக்கம் ஒரு பக்கம் போய்த் திரும்பி வருமல்லவா, அது திரும்பும்வரை காத்திருந்து அந்த இடைவெளியில் இறக்கினாள். ஸ்க்ரூ குழியில் உட்கார்ந்தது. டிரைவரை வைத்துத் திருப்பினாள். அடுத்தது. விழுந்தது, எடுத்தாள். உட்கார்ந்தது. அடுத்தது. தான் கன்னத்தைத் திருப்பிக்கொண்டு மூச்சு விடுவதைத் தூணு அப்போதுதான் கவனித்தான். பக்கத்தில் மற்ற இருவரும் அதே மாதிரி கன்னத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார்கள்.

காந்தம் இருந்தபோது கை ஓடியது, இப்போது நடந்தது. ஆனால் நடந்தது அவள் கை. நடுக்கத்தை நிறுத்தாமலே அதற்குள் வேலை செய்யக் கண்டுபிடித்துவிட்டாள். சக்கரம் விழித்து ஓடினபோது யாரும் கைதட்டவில்லை. தங்கைகூட, "தண்ணி குடிக்க ஒரு டம்ளர் குடுங்க அண்ணி" என்று மட்டும்தான் சொன்னாள்.

திங்கட்கிழமை கம்பெனி வாசல்வரை தூணு கூடவே போனான். சங்கு ஊதியது. வாட்சைப் பார்த்தான். இம்மி பிசகவில்லை.

சாயங்காலம் வேலை முடிந்ததும் நேராக அங்கேதான் வந்து நின்றான். கேட்டைத் திறந்ததும் கூட்டம் பொங்கி வந்தது. முதலில் நூல் வெட்டுகிற பெண்கள், பின்னலிலும் துப்பட்டாவிலும் வெள்ளை நூல் ஒட்டிக்கொண்டு. தூணு எட்டி எட்டிப் பார்த்தான். அவள் கடைசியில், யாரோடோ பேசிக்கொண்டு வந்தாள். தோளில், முடியில், எங்கும் ஒரு நூலைக் காணோம்.

அவனுக்குக் கேட்கவேண்டியிருக்கவில்லை. இருந்தாலும் கேட்டான்.

"என்னாச்சு?"

"மெதுவாத்தான் போகுதாம். ஆனா நேராப் போகுதாம்" என்றவள், அவன் கையைப் பிடித்து வாட்சைத் திருப்பிப் பார்த்தாள். மணி சரியாக இருந்தது. அந்த அழுக்கு வாரை விரலால் தடவி மூக்கைச் சுளித்தாள்.

"இதைக் கழட்டிக் குடுங்க. வீட்டுக்குப் போனதும் புதுசு தச்சுடறேன்."