ஆலாக்கள் முட்டையிடும் மாதம்

“கொள்ளிய நான்தான் வைப்பேன்,” என்றாள் நிலூஷா.

முன்னறையில் ஒப்பாரி பாதியில் நின்றது. காலையில்தான் அத்தை அவளைக் கோடிப்புறம் இழுத்துப்போய், “எதையும் பேசு புள்ள, அந்த ஒரு பேச்ச மட்டும் சபையில எடுத்துடாத” என்று கையைப் பிடித்துக் கேட்டிருந்தாள். நிலூஷா தலையாட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. நேரம் வரட்டும் என்றிருந்தாள். இப்போது வந்துவிட்டது. அப்பா கறுப்பையா பெட்டிக்குள் கிடந்தார். வாசலில் பெரியப்பா அழகமுத்துவின் மகன் திலக்ஷன், கொள்ளி வைப்பதற்காக வாங்குப் பலகையில் உட்கார்ந்து மொட்டை அடித்துக்கொண்டிருந்தான். பாதித் தலை முடிந்திருந்தது.

“அப்பனுக்கு ஆம்பளப் புள்ள இல்லேன்னா அண்ணன் மகன். அதுதான் மொறை,” என்றார் பெரியப்பா, அவளைப் பார்க்காமல்.

“அண்ணன் மகன் ஆஸ்பத்திரிப் பக்கம் ஒரு நாளாவது வந்தாரா?”

“எனக்கு லீவு கெடைக்கல,” என்று வாங்கிலிருந்து குரல் வந்தது.

“தம்பி, தலைய ஆட்டாதீங்க,” என்றார் சவரக்காரர்.

“கெம்பஸ் போன திமிரு. லயத்துல மொத டிகிரின்னு தலையில தூக்கி வச்சோம் பாரு.”

“திமிருதான் பெரியப்பா. நான் வைக்காம பெட்டி இந்த வாசலைத் தாண்டாது. கதவுக்குக் குறுக்க படுத்துக்குவேன்.”

சடங்கு செய்ய வந்திருந்த பண்டாரம் தொண்டையைச் செருமினார். வானம் இருட்டிக்கொண்டு வந்தது. ஹந்தானைத் தேயிலை மலையில் மழை பிடித்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்குவது பெரும்பாடு. அவருக்கு அந்தக் கவலை.

“மகளும் வைக்கலாம்ங்க. இப்ப டவுன்லயெல்லாம் நடக்குது. ஆனா வைக்கிறவங்களுக்கு உள்ள கட்டு மகளுக்கும் உண்டு. கருமாதி முடியிற வரைக்கும் ஊரெல்ல தாண்டப்படாது. கடல்ல கால் வைக்கவே படாது.”

பெரியப்பா முதல் தடவையாக அவளை நிமிர்ந்து பார்த்தார்.

“அப்பிடியா? அப்ப அவளே வைக்கட்டும்,” என்றார்.

அவர் ஏன் இவ்வளவு லேசாக இறங்கினார் என்பது லயத்து வரிசை வீடுகளில் எல்லாருக்கும் விளங்கியது.

தலைமன்னாருக்கு அப்பால், கடலுக்குள் மணல் தீடைகள் வரிசையாகக் கிடக்கின்றன. மரமில்லை, குடிதண்ணீரில்லை, மனிதர் இல்லை. சோளகக் காற்று வீசும் மாதங்களில் கடற்பறவைகளான ஆலாக்கள் கூட்டமாக வந்து வெறும் மணலில் முட்டையிடும். பேராதனையில் விலங்கியல் படித்தபோது நிலூஷா அந்தத் தீடைகளைப் படங்களில்தான் பார்த்திருந்தாள். பார்க்கப்போக அனுமதி கேட்டாள். முதல் வருசம் பதிலே இல்லை. இரண்டாம் வருசம் மறுத்தார்கள். இந்த வருசம் கிடைத்தது, அவள் பெயரில். அவள் அழைத்துப்போகும் முதல் குழு. அவள் படகில் இல்லாவிட்டால் மற்றவர்களும் ஏற முடியாது.

அப்பாவும் வருவதாக இருந்தார். பிலிமத்தலாவையில் ஹாட்வெயார் கடை வேலை முடிந்து வந்து, தேத்தண்ணீர்க் கோப்பையோடு அவள் பக்கத்தில் உட்கார்ந்து படங்களைப் பார்ப்பார். “எல்லாம் காக்கா சாதிதான். கடல்ல கெடந்து வெளுத்துப்போச்சு,” என்பார். அவள் கத்துவாள். மறுநாளும் அதையேதான் சொல்வார். ஆனால் படகுக்காரரோடு பேசியது, தண்ணீர் எவ்வளவு, சமையல் எப்படி என்று மல்லுக்கட்டியதெல்லாம் அவர்தான். அவளுடைய பயணத்தை அவர் தன் பயணமாக எடுத்துக்கொண்டிருந்தார்.

படகுக்கு இன்னும் இரண்டு நாள்தான் இருந்தது.

நீர்மாலை எடுக்க அவளைக் குடத்தோடு, மலைத் தண்ணீர் கொட்டும் பீலிக்கு அனுப்பினார்கள். சேலையோடு தண்ணீருக்கடியில் நின்றாள். கெலிஓயாவிலிருந்து வந்திருந்த ஸனா, கூடப் படித்தவள், குழுவிலும் ஒருத்தி, சற்றுத் தள்ளி நின்றாள். அப்பாவின் போன் அவள் கையில் இருந்தது. அது அடித்தது.

“மோகனராஜ் எண்டு விழுது,” என்றாள் ஸனா. “போட்டுக்காரர். வெட்டிவிடவா?”

“ஸ்பீக்கர்ல போடு.”

“கறுப்பையா அண்ணையோ?” பின்னால் காற்று இரைந்தது.

“மகள் கதைக்கிறேன். அப்பா நேத்து தவறிட்டாரு.”

அவர் காற்றுக்கு ஒதுங்கி நின்றிருக்க வேண்டும், இரைச்சல் குறைந்தது.

“என்ன பிள்ளை சொல்லுறியள். போன கிழமையும் தண்ணிக் கானுக்கு என்னோட சண்டை பிடிச்சவரெல்லோ.” அவர் மூக்கை உறிஞ்சினார். “நான் வேற அலுவலா எடுத்தனான். அது கிடக்கட்டும், விடுங்கோ.”

“சொல்லுங்க அண்ணே.”

“காத்து மாறுது பிள்ளை. சனிக்கிழமை கடல் விடாது. நாளைக்கு விடியப் போனால் போகலாம். பிறகு கடல் அடங்கேக்குள்ள குஞ்சுகள் பறந்திடும். இந்த முறை அவ்வளவுதான்.”

“நாளைக்கு விடிய வாறோம். படகை ஆயத்தமா வைங்க.”

ஸனா போனை அணைத்துவிட்டு அவளைப் பார்த்தாள்.

“செத்த ஊட்டுல நான் இதக் கேக்கப்படாது நிலூ. இண்டைக்கு ராவைக்கு பஸ் ஏறணுமே. கொள்ளி?”

“வச்சிட்டு வாறேன். கட்டாவது ஒண்ணாவது.”

“பழி ஒனக்கு வராது. நீ போயிருவாய். நாளைக்கு ஆருக்கும் தடிமன் புடிச்சாலும் ஒங்கட உம்மாவத்தான் செல்லுவாங்க.”

குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. நிலூஷா அதை எடுக்காமல் நின்றாள். ஸனா சொன்னது சரி என்பதுதான் எரிச்சலாக இருந்தது. பிறகு தூக்கித் தோளில் வைத்தாள்.

“நீ பேக்குகள எடுத்துக்கிட்டு கீழ சந்தியில நில்லு,” என்றாள்.

ஈரச் சேலையோடு திரும்பி வந்து, குடத்தை இறக்கி, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

“பெரியப்பா, கொள்ளி வச்சிட்டு இன்னைக்கு ராத்திரியே தலைமன்னார் போறேன். ஒளிச்சி மறச்சி செய்ய மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்.”

“பாத்தீங்களா,” என்று பெரியப்பா சபையைப் பார்த்துத் திரும்பினார். “நம்ம பாட்டன் பூட்டன் அந்தத் தலைமன்னார்ல எறங்கி, காட்டு வழியா நடந்து, பாதிப்பேரு வழியிலயே செத்தாங்க. மிச்சம் வந்த கூட்டம்தான் நாம. இவ அங்க திரும்பிப் போறா. எதுக்கு? குருவி பாக்க. அப்பன் சாம்பல் ஆறுறதுக்குள்ள.”

“அப்பாவும்தான் வாறதா இருந்தாரு.”

“அவனக் கெடுத்ததே நீதான்.”

பண்டாரம் தட்டுவதற்கு எடுத்த சேமக்கலத்தைக் கீழே வைத்துவிட்டார். “கட்டை மீறுவேன்னு சொல்லிக்கிட்டே வைக்கிறதுக்கு நான் கூட நிக்க ஏலாதுங்க.”

“டேய், நீ எந்திரி,” என்றார் பெரியப்பா மகனிடம். திலக்ஷன் பாதி மொட்டையோடு எழுந்தான். தணல் போட்டிருந்த சட்டியைத் தூக்கப் போனான். நிலூஷா முந்திக்கொண்டு அதன் உறியைப் பிடித்தாள். இரண்டு பேரும் இழுத்ததில் தணல் ஒன்று சிமெந்துத் தரையில் விழுந்து கறுத்தது.

“அதை இங்க குடுங்க.”

பெட்டியின் தலைமாட்டில் சுவரோடு சாய்ந்திருந்த அம்மா கமலம் எழுந்து நின்றிருந்தாள். நேற்றிலிருந்து அழுததில் குரல் ஆண்பிள்ளைக் குரலாகியிருந்தது.

“நீயா?” என்றார் பெரியப்பா.

“ஏன் மாமா? எப்பிடியும் என்னய மூலையில குந்த வைக்கத்தானே போறீங்க. ஊரெல்லயும் தாண்ட மாட்டேன், கடலையும் தாண்ட மாட்டேன். அந்தக் கட்டையும் ஏந் தலையிலயே போடுங்க.”

யாரோ ஒருத்தி சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். பெரியப்பா பண்டாரத்தைப் பார்த்தார். பண்டாரம் நெற்றியைத் தேய்த்தார்.

“புருசனுக்குப் பொஞ்சாதி வச்சி நான் பாத்ததில்ல. ஆனா படாதுன்னும் எனக்கு யாரும் சொல்லித் தரல.”

“அம்மா, அது என்னோடது,” என்றாள் நிலூஷா. உறியை விடவில்லை.

“ஒனக்கு ரெண்டும் வேணுமா?” கமலம் மகளின் முகத்துக்கு நேரே வந்து கேட்டாள். சத்தம் போடவில்லை. “ஒண்ண எனக்கு விடு புள்ள. நானும் அவரு கூடத்தான் இருந்தேன்.”

அந்த நெருப்பு அம்மாவுக்கும் வேண்டியிருக்கும் என்று நிலூஷா ஒரு தடவைகூட நினைத்ததில்லை. திலக்ஷனிடமிருந்து பிடுங்குவது, பெரியப்பாவிடமிருந்து பிடுங்குவது, இதுதான் அவள் நினைப்பாக இருந்தது. அம்மாவின் விரல்களைப் பார்த்தாள். கொழுந்துக் கறை ஏறிய நகங்கள். அவள் பிடியைத் தளர்த்தினாள். பாரம் அம்மாவின் கைக்கு மாறியது.

“படங்குத் துணி கதவுக்குப் பின்னால சுத்தி வச்சிருக்கேன்,” என்றாள் கமலம், சட்டியைச் சரிபார்த்துக்கொண்டே. “அங்க நெழலே இல்லேன்னு ஒங்கப்பா சொன்னாரு. கொழுந்தெடுக்கயில இடுப்புல கட்டுற பழசெல்லாம் ஒண்ணாச் சேத்து தச்சிருக்கேன். எடுத்துக்க.”

வாசலில் சவரக்காரர் கத்தியோடு நின்றார். “அப்ப தம்பிக்கு மிச்சம்?”

“வழிச்சிருங்க,” என்றான் திலக்ஷன். “இப்பிடியே நான் டவுனுக்குள்ள போக ஏலுமா?”

பெட்டியைத் தூக்கினார்கள். தப்பு மேளம் அதிர்ந்தது. பெண்கள் வழக்கம்போல வாசற்படி வரை வந்து நின்றார்கள். கமலம் நிற்கவில்லை. சட்டியைத் தொங்கவிட்டபடி பெட்டிக்கு முன்னால் நடந்தாள். புகை அவள் முகத்தில் அடித்தது. அவள் முகத்தைத் திருப்பவில்லை. தேயிலை ஸ்டோருக்குப் பக்கத்தில் நின்ற வாகனம் வரைக்கும் அவள் வெறுங்காலோடு போவதை நிலூஷா பார்த்துக்கொண்டிருந்தாள். பெரியப்பா நாலு அடி பின்னால், தலை குனிந்து போனார்.

உள்ளே வந்து சேலையை மாற்றினாள். கதவுக்குப் பின்னாலிருந்த சுருளை எடுத்துத் தோளில் போட்டாள். அது நினைத்ததைவிடக் கனமாக இருந்தது, தேயிலைக் கறை வாடை அடித்தது.

அத்தை விளக்குமாற்றோடு நின்றாள்.

“வீடு கழுவணும். நீ என்னா செய்யிற?”

எழவு வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக்கூடாது. அன்றைக்கு நிலூஷா கடைப்பிடித்த முறை அது ஒன்றுதான். படியிறங்கி, தேயிலைக்குள் குறுக்குப் பாதையைப் பிடித்தாள். மழை தூறத் தொடங்கியிருந்தது. பாதை வழுக்கியது. காலைப் பக்கவாட்டில் ஊன்றி ஊன்றி இறங்கினாள். கீழே சந்தியில் ஆட்டோ ஒன்றின் விளக்கு தெரிந்தது.

மேலே வீட்டில், அத்தை வாளிக்குத் தண்ணீர் திறந்துவிட்ட சத்தம் கேட்டது.