உடலை முதலில் தொட்டவன்

அன்று அந்த விருந்தினர் கூடத்தில் இருந்தவர்கள் நான்கு பேர். வீட்டுக்குப் பெரியவரான ஹாஜி ஹரீதி. கெய்ரோவிலிருந்து அன்று காலை ரயிலில் வந்திறங்கிய அவருடைய தம்பி நஷாத். சிற்றப்பா மகன் தாஹி. ஊர்த்தலைவர் அப்துல் ஷகூர். கதவுக்கு வெளியே நின்று எல்லாவற்றையும் கேட்டதாகச் சொல்லிக்கொள்கிறவர்கள் ஊரில் நிறையப் பேர் உண்டு. அவர்களில் ஒருவர்கூட அங்கே இல்லை.

நஷாத் ஒரு சாக்கைத் தோளில் சுமந்து வந்து கூடத்தின் நடுவே இறக்கினான்.

"என்ன தம்பி, வெங்காயமா? இங்க இல்லாத வெங்காயமா கெய்ரோவுல விளையுது?" என்றான் தாஹி.

"கடிதம்" என்றான் நஷாத்.

யாரும் சிரிக்கவில்லை. எதற்காக வந்திருக்கிறான் என்று எல்லாருக்கும் தெரியும்.

நஷாத் மாதம் ஒரு துப்பறியும் நாவல் எழுதுகிறவன். பன்னிரண்டு வருஷமாக ஒரு மாதம் தவறியதில்லை. சட்டைப் பைக்குள் அடங்கும் புத்தகம், மட்டையில் துப்பாக்கி, உள்ளே ஒரு காலை இழுத்து நடக்கும் மேஜர் ஆஸிம். அஸ்வானிலிருந்து அலெக்சாந்திரியா வரை பத்திரிகைக் கடைகளில் தொங்கும். முதல் தேதியன்று கடை திறப்பதற்கு முன்பே ஆட்கள் காத்து நிற்பார்கள். வெளிவந்த ஒவ்வொன்றையும் நஷாத் அண்ணனுக்கு அனுப்பிவைப்பான். ஹரீதி ஒன்றைக்கூடப் படித்ததில்லை. கொலையை வைத்துப் பொழுது போக்குவது அவருக்கு ஒப்பாத காரியம். ஆனால் ஒன்றையும் தூக்கிப் போட்டதுமில்லை. பன்னிரண்டு பன்னிரண்டாகக் கயிறு கட்டி அலமாரியில் அடுக்கிவைத்திருந்தார். தம்பியின் பெயர் அச்சில் இருந்தது, அதனால்.

நூற்று நாற்பத்தொன்றாவது புத்தகம்தான் இந்த வினையைக் கொண்டுவந்தது. அதை இரண்டு பாகமாகப் போட்டார்கள். முதல் பாகத்தின் முடிவில் ஒரு போட்டி: கொலைகாரன் யார் என்று எழுதி அனுப்புங்கள், சரியாகச் சொல்கிறவர்களில் ஒருவருக்குக் கைக்கடிகாரம். பதில் அடுத்த மாதம்.

"எத்தனை வந்திருக்கு?" என்று கேட்டார் ஊர்த்தலைவர்.

"ரெண்டாயிரத்துக்கு மேல. ஜெயிலிலிருந்துகூட ஒண்ணு. அறையில பதினோரு பேராம், ஓட்டு எடுத்திருக்காங்க. ஒன்பது பேர் கதையில வர்ற டாக்டர்தான் கொன்னான்னு சொல்றாங்க."

"அனுபவப்பட்டவங்க" என்றான் தாஹி.

"நம்ம மாவட்டத்திலிருந்து அறுபத்து மூணு கடிதம்." நஷாத் தனியாகக் கட்டிவைத்திருந்த கட்டை எடுத்தான். "அறுபத்து மூணுலயும் ஒரே பேர். மன்சூர்."

மன்சூர் என்பது கதையில் வருகிற ஒரு கண்ணியமான விவசாயி. கரும்புக்காட்டு ஓரத்தில் பட்டப்பகலில் ஒருவன் சுடப்பட்டுக் கிடக்கிறான். அந்த வழியாக வந்த மன்சூர் அவன் தலையை மடியில் தூக்கிவைத்துத் தண்ணீர் கொடுக்கிறார். உயிர் போகிறது. மன்சூர் எழுந்து, யாரையும் கூப்பிடுவதற்கு முன், வாய்க்காலில் இறங்கிக் கை கழுவுகிறார்.

ஹரீதி அந்தப் பக்கத்தை அன்றுதான் படித்தார். கண்ணாடியைப் போட்டு, விரலை வரிக்கு வரி நகர்த்திப் படித்தார். படித்து முடித்ததும் புத்தகத்தை மூடித் தம்பி பக்கமாகத் தள்ளிவைத்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

பதினேழு வருஷத்துக்கு முன் அதே போன்ற கரும்புக்காட்டு ஓரத்தில் சுடப்பட்டவன் அவத் குடும்பத்து ஷஹ்ஹாத். முதலில் அங்கே போய்ச் சேர்ந்தவர் ஹரீதி. இரண்டு குடும்பத்துக்கும் நிலத்து எல்லையில் தகராறு இருந்ததால் சந்தேகம் ஹரீதியின் வீட்டின்மேல்தான் விழுந்தது. பள்ளிவாசலில் எல்லார் முன்னாலும் குர்ஆன்மேல் கை வைத்து அவர் சத்தியம் செய்தார். அவத் குடும்பத்தின் அன்றைய பெரியவர் அதை ஏற்றுக்கொண்டார். ஆனாலும் அந்த வீட்டில் துக்கப் பந்தல் போடவில்லை. பழி தீரும்வரை யாரும் அந்த வாசலுக்குப் போய் ஆறுதல் சொல்லக் கூடாது. பதினேழு வருஷமாக ஒருவரும் சொல்லவில்லை. ஷஹ்ஹாத்தின் மனைவி வாசல் கதவின் ஒரு பாதியை அன்று மூடினாள். அது மூடியபடியே இருந்தது.

சுட்டது யார் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

"வாய்க்கால்ல கை கழுவினது எனக்கும் உனக்கும் மட்டும் தெரிஞ்ச விஷயம். அப்பாவை அடக்கம் பண்ணின அன்னிக்கு உன்கிட்ட சொன்னேன்" என்றார் ஹரீதி.

"ஆமாண்ணே."

"வேற யார்கிட்டயும் சொல்லலை. என் பொண்டாட்டிகிட்டகூட."

நஷாத் தரையைப் பார்த்தபடி பேசினான். "மாசம் ஒண்ணு, அண்ணே. பன்னிரண்டு வருஷம். கெய்ரோவுல எனக்குத் தெரிஞ்ச தெரு, வீடு, மாடிப்படி எல்லாத்துலயும் ஒருத்தனைக் கொன்னு போட்டாச்சு. இருபதாம் தேதி அச்சுக்குப் போகணும், பதினாறாம் தேதி கையில ஒண்ணுமே இல்லை. கண்ணை மூடினா கரும்புக்காடுதான் வந்துச்சு. பேரை மாத்தினேன், ஊரை மாத்தினேன். கை கழுவினதை மாத்தணும்னு தோணலை. அது ரொம்ப உண்மையா இருந்துச்சு."

"மாசம் ஒருத்தனைக் கொல்றவன், இந்த மாசம் அண்ணன் முறைன்னு வெச்சுக்கிட்டியா?" என்றான் தாஹி.

"வாயை மூடு" என்றார் ஹரீதி. தாஹி மூடிக்கொண்டான்.

ஊர்த்தலைவர் கட்டிலிருந்து ஒரு கடிதத்தை உருவினார். தனியாக மடித்து, ஓரத்தில் சிவப்பு மையால் குறியிட்ட கடிதம். ஷஹ்ஹாத்தின் மகன் ரஷ்வான் எழுதியது. தகப்பன் செத்தபோது அவனுக்கு நான்கு வயது, இப்போது இருபத்தொன்று. ஊர்த்தலைவர் அதைச் சத்தமாகப் படித்தார்.

"மதிப்புக்குரிய உஸ்தாத் நஷாத் அவர்களுக்கு. உங்களுடைய நூற்று நாற்பத்தொரு புத்தகங்களும் என்னிடம் இருக்கின்றன. ஒன்பது வயதில் படிக்கத் தொடங்கினேன். தகப்பனில்லாத எனக்கு மேஜர் ஆஸிம்தான் நியாயம் என்றால் என்னவென்று சொல்லித்தந்தார். உங்களுடைய கதைகளில் ஒரு விஷயத்தை நான் கண்டுபிடித்திருக்கிறேன். உடலை முதலில் தொட்டவன் எவனோ அவனே கொலைகாரன். ஆறு புத்தகங்களில் மட்டும் அப்படி இல்லை, அந்த ஆறும் உங்களுடைய நல்ல புத்தகங்கள் அல்ல. இந்தக் கதையில் மன்சூர். என் தகப்பனாரின் விஷயத்தில் யார் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அன்று அவர் செய்தி சொல்ல வந்தபோது அவருடைய சட்டைக் கை ஈரமாக இருந்தது என்று என் தாயார் பதினேழு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஏன் ஈரம் என்பது இந்தப் புத்தகம் வரும்வரை எங்களுக்குத் தெரியவில்லை. சொந்த அண்ணனைப் பற்றி ஒருவர் பொய் எழுத மாட்டார். தயவுசெய்து முடிவை மாற்றாதீர்கள். உங்கள் வாசகன்."

தேநீர் ஆறிப்போயிருந்தது.

"அப்படியா எழுதுறேன் நான்?" என்று நஷாத் தனக்குத்தானே கேட்டுக்கொண்டான். "முதல்ல தொட்டவன்தானா? எனக்கே தெரியாது. வேகமா எழுதும்போது அதுதான் கைக்குச் சுலபமா வந்திருக்கு." பிறகு நிமிர்ந்தான். "அண்ணே, ரெண்டாம் பாகத்துல டாக்டர்தான் கொன்னான்னு எழுதிடறேன். இன்னும் அச்சுக்குக் குடுக்கலை."

"எழுது" என்றான் தாஹி. "அண்ணன் கழுத்தைப் பிடிச்சதும் தம்பி மாத்திட்டான்னு அந்த ரஷ்வானே சொல்லுவான். இப்ப இருக்கிறதே தேவலை."

"நான் குர்ஆன்மேல சத்தியம் பண்ணியாச்சு. ஒரு மனுஷன் ஒரு விஷயத்துக்கு ரெண்டு தடவை சத்தியம் பண்ண மாட்டான். வர்றவன் வரட்டும். என் வாசல் திறந்துதான் இருக்கு" என்றார் ஹரீதி.

ஊர்த்தலைவர் கடிதத்தை மடித்து வைத்தார். அவர் ஹரீதியைவிட இரண்டு வயது மூத்தவர். அந்த வட்டாரத்தில் இத்தகைய பகைகளைத் தீர்த்துவைத்த பஞ்சாயத்துகளில் பாதிக்கு இருவரும் ஒன்றாக உட்கார்ந்திருக்கிறார்கள்.

"ஹாஜியார், நீங்க எத்தனை பஞ்சாயத்து பார்த்திருக்கீங்க. பழி எடுக்கிறவன் கொன்னவனைத் தேடி வருவானா, இல்லை அந்தக் குடும்பத்துல தலையா இருக்கிறவனைத் தேடி வருவானா?"

ஹரீதி தேநீர்க் கோப்பையைத் தள்ளிவைத்தார்.

"உங்களுக்கு அறுபது வயசு. உங்களைக் கொன்னா அவங்களுக்கு என்ன பெருமை? இந்த வீட்டுல பேர் தெரிஞ்ச ஆள் யாரு?"

நால்வரில் மூவர் நஷாத்தைப் பார்த்தார்கள். நஷாத் வேறு பக்கம் பார்த்தான்.

"சொல்லு" என்றார் ஹரீதி.

"போன வாரம் பதிப்பாளர் அலுவலகத்துக்கு ஒருத்தன் வந்திருக்கான். நம்ம பக்கத்துப் பேச்சு. உஸ்தாதைப் பார்க்கணும்னு ரெண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கான். டீ குடுத்திருக்காங்க. கையில இந்தப் புத்தகம், மேல அங்கி. நல்ல வெயில்ல கனமான அங்கி. அன்னிக்கு நான் போகலை, எனக்குக் காய்ச்சல். ரஷ்வானோட இந்தக் கடிதத்தை மேசைமேல வெச்சுட்டுப் போயிட்டான்."

ஹரீதி எழுந்து ஜன்னலுக்குப் போனார். முற்றத்தில் அவருடைய மருமகள் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். நெடுநேரம் அவர் முதுகைத்தான் மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த முதுகு எந்தக் காலத்திலும் வளைந்ததில்லை. இரண்டு ஆளுநர்கள் முன்னால் வளைந்ததில்லை.

"கஃபன் எடுத்தா அவங்க ஏத்துப்பாங்களா?" என்று ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டார். தன் சவத்துணியான கஃபனைத் தானே ஏந்திப்போய்ப் பழி கேட்கிறவன் முன் நிற்பது அந்தப் பக்கத்து வழக்கம், அவன் அதை வாங்கிக்கொண்டால் பழி தீர்ந்தது.

"அண்ணே, வேண்டாம்" என்றான் நஷாத். "நான் எடுத்துட்டுப் போறேன். தப்பு என்னோடது."

"நீ அவனைத் தொடலையே. தொட்டவன் நான்தானே."

தாஹி எழுந்துவிட்டான். "செய்யாத கொலைக்குக் கஃபன் தூக்கினா, செஞ்சேன்னு ஆயிடும். சத்தியம் பொய்னு ஆயிடும். நம்ம பிள்ளைங்களுக்கு யார் பொண்ணு குடுப்பா? வீட்டுல நாலு துப்பாக்கி இருக்கு, ஹாஜியார்."

"உட்காரு" என்றார் ஹரீதி. பிறகு ஊர்த்தலைவரிடம் திரும்பினார். "அங்க நான் என்ன சொல்லணும்?"

"உங்களுக்குத் தெரியாததா? என் கஃபனைக் கொண்டுவந்திருக்கேன், என்ன வேணும்னாலும் செய்யுங்க. அவ்வளவுதான்."

"கொன்னேன்னு சொல்ல வேண்டாம்."

"வேண்டாம்."

"கேட்டாலும் சொல்ல மாட்டேன்."

"கேட்க மாட்டாங்க. கஃபனைப் பார்த்தா யாரும் கேட்கிறதில்லை."

அடுத்த வியாழக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு நடந்தது. பள்ளிக்கூடத்துத் திடலில் ஒரு பக்கம் அவத் குடும்பம், மறுபக்கம் ஹரீதியின் குடும்பம், நடுவே போலீஸ் அதிகாரிகளும் ஷேக்மார்களும். ஹாஜி ஹரீதி தலைப்பாகையை வீட்டிலேயே கழற்றிவைத்துவிட்டு வந்தார். அவருடைய வெறுந்தலையை அந்த ஊர் அன்றுதான் பார்த்தது. செருப்பில்லாமல், இரு கைகளையும் நீட்டி, அவற்றின்மேல் வெள்ளைத் துணியை வைத்து, திடலின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தார். நூற்றிருபது அடி இருக்கும். வேகமாகவும் நடக்கவில்லை, மெதுவாகவும் நடக்கவில்லை. ரஷ்வானின் முன்னால் நின்று சொல்ல வேண்டியதைச் சொன்னார். அதற்கு மேல் ஒரு சொல் சொல்லவில்லை.

ரஷ்வான் மெலிந்த பையன், மூக்குக்கண்ணாடி போட்டவன். கஃபனை வாங்கிக்கொண்டான். கூட்டம் அல்லாஹு அக்பர் என்று தக்பீர் முழங்கியது. அவன் ஹரீதியின் தோளைத் தழுவினான். அவர் தழுவலைத் திருப்பித் தரவில்லை, தள்ளவுமில்லை.

அன்றே அவத் வீட்டில் துக்கப் பந்தல் போட்டார்கள். பதினேழு வருஷத்துக்குப் பிறகு ஷஹ்ஹாத்துக்காக குர்ஆன் ஓதினார்கள். மூடிய கதவுப் பாதியைத் திறந்தார்கள். கீல் துருப்பிடித்திருந்ததால் இரண்டு பேர் தள்ள வேண்டியிருந்தது. ஹரீதி பந்தலில் போய் உட்கார்ந்தார், சர்க்கரையில்லாத காப்பியைக் குடித்தார். கொலைகாரனாக உட்கார்ந்திருக்கிறோம் என்பது அவருக்குத் தெரியும். அவருக்கு நேர் எதிரே நஷாத்.

ரஷ்வான் நஷாத்திடம் வந்தான். எல்லார் கண்ணும் அவன் கையைப் பார்த்தது. அங்கிக்குள்ளிருந்து அவன் எடுத்தது நூற்று நாற்பத்தொன்றாம் புத்தகமும் ஒரு பேனாவும்.

"ஒரு கையெழுத்து, உஸ்தாத்."

நஷாத் வாங்கவில்லை.

"உங்க கையாலே என் பேர் எழுதிக் குடுங்க. உண்மையை எழுதினதுக்கு நன்றி. இந்த ஊர்ல வேற யாரும் செய்யாததை நீங்க செஞ்சீங்க."

நஷாத் அண்ணனைப் பார்த்தான். ஹரீதி கண்ணால் சைகை செய்தார்: எழுது. நஷாத் எழுதினான். அந்தக் கையெழுத்தைப் பார்த்தவர்கள் அது அவனுடையது போலவே இல்லை என்று சொன்னார்கள். ரஷ்வான் மை காயும்வரை ஊதி, பத்திரமாக உள்ளே வைத்துக்கொண்டான்.

கோடைக்கு முன் ஒரு நாள் வாய்க்கால் கரையில் நஷாத் அண்ணனிடம் கேட்டான், அன்று ஏன் கை கழுவினீர்கள் என்று. கதையில் எழுதும்போதுகூட அவனுக்குக் காரணம் தெரியாது.

"அவன் பொண்டாட்டிகிட்டப் போய்ச் சொல்லணும்டா. அவன் ரத்தத்தோடயா அவ முன்னால நிக்கிறது?" என்றார் ஹரீதி.

இரண்டாம் பாகம் வெளிவரவில்லை. போட்டி ரத்து என்று பதிப்பாளர் ஒரு வரி போட்டார். மூன்று மாதம் வசைக் கடிதங்கள் வந்தன. சிறையிலிருந்த பதினோரு பேரும் சேர்ந்து ஒன்று எழுதினார்கள். நஷாத் அதற்குப் பிறகும் எழுதினான், மாதம் ஒன்று, வேறு தொழில் தெரியாது. உடலை முதலில் தொட்டவன் அந்தப் புத்தகங்கள் எதிலும் கொலைகாரனாக இருக்கவில்லை. பழைய சுவை போய்விட்டது என்று வாசகர்கள் எழுதினார்கள். அந்தக் கடிதங்களில் சில ரஷ்வானுடையவை.

ஹரீதியைப் பஞ்சாயத்துக்கு யாரும் அழைப்பதில்லை. பள்ளிவாசலில் முன்வரிசையில் அவருடைய இடம் இருக்கிறது, இருபுறமும் கொஞ்சம் அதிகமாக இடம் விட்டு நிற்கிறார்கள். புத்தகங்களை இப்போதும் பன்னிரண்டு பன்னிரண்டாகக் கட்டி அடுக்குகிறார்.

ஹாஜி ஹரீதிதான் ஷஹ்ஹாத்தைச் சுட்டார், தம்பியே அதைக் கதையாக எழுதிக் காட்டிக்கொடுத்துவிட்டான் என்று அந்தக் கினா மாவட்டத்திலிருந்து கெய்ரோ வரை சொல்கிறார்கள். அவர் சுடவில்லை. தண்ணீர் கொடுத்தார்.