சாக்பீஸ் கைமாறிய நாள்

அந்தப் பள்ளியில் எங்கும் எழுதி ஒட்டப்படாத விதி ஒன்று இருந்தது: வகுப்பறைக் கதவு சாத்தப்பட்டுவிட்டால், உள்ளே எழும் சத்தம் வெளியே நடப்பவர் காதில் விழக் கூடாது. விழுந்தாலும் விழாதவர் போல நடந்துவிட வேண்டும். இரைச்சல் வரும் கதவுகளைக் கடக்கும்போது உடற்பயிற்சி ஆசிரியர் கூரையை அண்ணாந்து பார்த்து மின்விசிறிகளைப் பரிசோதிப்பார். மொழியாசிரியை கைப்பையைத் திறந்து, அதில் ஒருபோதும் இருந்திராத எதையோ தேடுவார். தலைமையாசிரியர் தம் பழைய கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பார். ஒரே நாளில் அத்தனை முறை சாவி கொடுக்கப்பட்டும் அந்தக் கடிகாரம் எப்படிப் பிழைத்துக் கிடக்கிறது என்பது ஆசிரியர் அறையின் நிரந்தர வேடிக்கை. வகுப்பு எப்படிப் போனது என்று கேட்டால் "நல்லா போச்சு" என்பதே பதில். அதைப் பொய் என்று யாரும் கருதியதில்லை. அடுத்தவர் மானத்தைக் காப்பது என்றே கருதினார்கள்.

கணக்கு டீச்சரின் வகுப்பிலிருந்து சத்தம் வந்ததே இல்லை. ஆகவே அந்த விதியால் அவளுக்கு ஆக வேண்டியது ஒன்றுமில்லை. ஆனாலும் அதை மற்ற எல்லோரையும்விடக் கறாராகக் கடைப்பிடித்தவள் அவள்தான். பிறர் கதவருகே நடை வேகம்கூட மாறாமல் போகத் தெரிந்தவள்.

அவளைத்தான் சக ஆசிரியர்களுக்கு வழிகாட்டியாகத் தேர்ந்தெடுத்தார்கள். மற்றவர்களின் வகுப்பில் உட்கார்ந்து பார்த்து, அவர்கள் மேம்பட உதவும் பொறுப்பு. கோடை விடுமுறையில் அதற்கொரு பயிற்சி நடந்தது. பயிற்சி தந்த அம்மாள் முதல் நாளே சொல்லிவிட்டார்: இந்த வேலையில் கஷ்டமானது பேசுவதல்ல, கையைக் கட்டிக்கொண்டு உட்காருவது. பின்வரிசையில் இருங்கள். பாராட்டத் தக்கதை முதலில் சொல்லுங்கள். பிறகு "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை காத்திருங்கள். ஒத்திகையில் யாராலும் காத்திருக்க முடியவில்லை. ஆசிரியர்கள் அல்லவா, கேள்வியைக் கேட்ட வாயாலேயே விடையையும் சொல்லிப் பழகியவர்கள். கணக்கு டீச்சர் மட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். அம்மாள் அவளைக் காட்டி, இப்படித்தான் என்றார். அந்தப் பெருமையோடுதான் அவள் வீடு திரும்பினாள்.

அவள் பொறுப்பில் முதலில் விடப்பட்டவள் புதிதாகச் சேர்ந்த அறிவியல் டீச்சர். அவளுடைய நாத்தனார், கணவரின் தங்கை. இருவரும் ஒரே வீட்டில் இருப்பவர்கள். நாத்தனார் அதுவரை தண்ணீர் பரிசோதிக்கும் கூடம் ஒன்றில் வேலை பார்த்தவள். சோதனைக் குழாயில் நிறம் மாறும்போது அதைப் பார்த்து வியக்கப் பக்கத்தில் ஒரு முகம்கூட இல்லை என்று சொல்லி, நிலையான அந்த வேலையை விட்டுவிட்டு வந்தவள். "என் பொறுப்பு" என்று தலைமையாசிரியரிடம் சிபாரிசு செய்தவளே கணக்கு டீச்சர்தான். வேலை இப்போதைக்குத் தற்காலிகம். பருவ முடிவில் நிரந்தரமாக்குவதா, அனுப்பிவிடுவதா என்று முடிவாகும். வழிகாட்டி சொல்லும் ஒரு வார்த்தை போதும், தமக்கு வேறெதுவும் வேண்டாம் என்று தலைமையாசிரியர் சொல்லியிருந்தார்.

ஆரம்ப நாட்களில் நாத்தனார் வீட்டில் பேச்சை நிறுத்தவே மாட்டாள். எலுமிச்சைச் சாற்றை வைத்து என்ன செய்யலாம், மெழுகுவர்த்தியை வைத்து என்ன செய்யலாம் என்று சாப்பாட்டு மேசையே ஆய்வுக்கூடமாகிவிடும். அண்ணன் தன் தட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு, இதையாவது விட்டுவை என்பார். பிறகு மெல்ல அந்தப் பேச்சு தேய்ந்தது. கணக்கு டீச்சர் காரணம் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. எட்டாம் வகுப்பின் சாத்திய கதவை அவள் தினமும் கடந்துகொண்டுதான் இருந்தாள்.

முதன்முறை பின்வரிசையில் போய் உட்கார்ந்தபோது அந்த வகுப்பு மூச்சுகூட விடவில்லை. பிள்ளைகளுக்குக் கணக்கு டீச்சரைத் தெரியும். அவர்களுடைய அண்ணன்களையும் அக்காக்களையும் அடக்கி ஆண்டவள். பாடம் முடியும்வரை ஒரு பேனா மூடிகூடக் கீழே விழவில்லை. மதியம் காலியாக இருந்த ஆய்வகத்தில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். குரல் தெளிவாக இருந்தது என்றாள் அவள். கரும்பலகைப் படம் அழகாக இருந்தது என்றாள். பிறகு, கற்றுக்கொண்டபடியே கேட்டாள்.

"நீங்க என்ன நினைக்கிறீங்க, டீச்சர்?"

நாத்தனார் மேசையில் இருந்த அமிலக் கறையை நகத்தால் சுரண்டினாள்.

"வீட்ல உப்பு பத்தலைன்னா நேரா மூஞ்சிக்கு முன்னாடி சொல்றீங்க. இங்க மட்டும் நான் என்ன நினைக்கிறேன்னு கேக்குறீங்க. அண்ணி, இன்னைக்கு நடந்தது என் வகுப்பே இல்ல. நீங்க உள்ள இருந்தா அது உங்க வகுப்பு. என் வகுப்பு எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும் என்று சொல்ல அந்த ஒரு கணம் போதுமானதாக இருந்தது. ஆனால் நீண்ட காலப் பழக்கம் அவள் நாக்கைப் பிடித்துக்கொண்டது. எல்லாருக்கும் ஆரம்பத்தில் அப்படித்தான் இருக்கும், போகப் போகச் சரியாகிவிடும் என்றாள். சொல்லி முடித்ததும், அந்த வார்த்தைகளைத் தானே நம்பவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது.

அதன்பிறகும் அவள் அடிக்கடி போய் உட்கார்ந்தாள். பின்வரிசையில் அவளைப் பார்த்துப் பார்த்துப் பிள்ளைகளுக்குப் பயம் விட்டுப்போனது. ஆசிரியர் அறையில் அவளுக்குத் 'துப்பறியும் அத்தை' என்று பெயர் வைத்தார்கள். உடற்பயிற்சி ஆசிரியர், "என் மைதானத்துக்கும் வாங்க அத்தை, அங்க கதவே கிடையாது" என்றார். அவளும் சேர்ந்துதான் சிரித்தாள்.

ஆணி ஏன் மூழ்குகிறது, கப்பல் ஏன் மிதக்கிறது என்ற பாடத்தன்று அது நடந்தது. நாத்தனார் கண்ணாடித் தொட்டியில் தண்ணீர் நிரப்பி வைத்திருந்தாள். தொடக்கம் நன்றாகவே இருந்தது. முன்வரிசைப் பெண் ஒருத்தி, ஆணியையே தட்டித் தகடாக்கினால் அது மிதக்குமா என்று கேட்டாள். அருமையான கேள்வி. நாத்தனார் விடையைத் தேடவில்லை. அதை அந்தக் குழந்தையிடமிருந்தே எப்படி வரவழைப்பது என்று யோசித்தாள். அந்தச் சின்ன மௌனத்துக்குள் வகுப்பு நழுவியது. ஜன்னலோரத்தில் ஒரு முணுமுணுப்பு, அதற்கொரு சிரிப்பு, அதை அடக்க மேசையைத் தட்டிய சத்தம், அந்தத் தட்டலுக்கே தாளம். கணக்கு டீச்சர் கையைக் கட்டிக்கொண்டாள். நகங்கள் முழங்கையில் பதிந்தன. நாத்தனாரின் குரல் உயர்ந்து கீறலாகியது.

எப்போது எழுந்தோம் என்று கணக்கு டீச்சருக்கே தெரியாது. நாத்தனாரின் விரல்களுக்கிடையிலிருந்து சாக்பீஸை உருவி எடுத்தது மட்டும் நினைவிருக்கிறது. கரும்பலகையில் ஒரு கட்டம் போட்டாள். தட்டிய ஆணியைக் கிண்ணம்போல வளைத்து வரைந்தாள். அது இடம்பெயர்க்கும் தண்ணீரை வரைந்தாள். அறை கப்சிப். ஒரு கேள்வி, ஒரு விடை, அடுத்த கேள்வி என்று பாடம் தானாகவே நடந்தது. கேள்வி கேட்ட பெண்ணின் கண்கள் அகல விரிந்தன. இவ்வளவுதானே, இவ்வளவு எளிதுதானே என்று கணக்கு டீச்சரின் மனம் குதூகலித்தது. அந்தக் குதூகலத்தோடுதான் திரும்பினாள்.

நாத்தனார் ஜன்னலோரம் டஸ்டரைக் கையில் ஏந்தியபடி நின்றிருந்தாள். நிறம் மாறும் நேரத்தில் பார்க்கவேண்டும் என்று அவள் ஆசைப்பட்ட அந்த முகங்கள் எல்லாம் கணக்கு டீச்சரின் பக்கம் திரும்பியிருந்தன.

வீடு திரும்பும் வழியில் கணக்கு டீச்சர் மன்னிப்புக் கேட்டாள். "பரவாயில்ல டீச்சர், நல்லா இருந்துச்சு" என்றாள் நாத்தனார். பள்ளி வாசலைத் தாண்டியும் டீச்சர். வீட்டுப் படியேறியும் டீச்சர். அன்று முதல் அந்த வீட்டில் அண்ணி என்ற சொல் புழங்கவில்லை. ஓட்டலில் ஒரே மேசைக்கு வந்து மாட்டிக்கொண்ட வேற்றாட்கள் மாதிரி ரெண்டு பேரும் ஏன் சாப்பிடுகிறீர்கள் என்று கணவர் கேட்டுப் பார்த்தார். பிறகு தண்ணீர்க் குவளையை இருவருக்கும் நடுவில் நகர்த்தி வைத்துவிட்டு எழுந்து போனார்.

பள்ளியில் நிலைமை இன்னும் மோசமானது. சத்தம் எழும் ஒவ்வொரு முறையும் பிள்ளைகளில் யாராவது எழுந்து, எந்தக் குறும்பும் இல்லாமல், மெய்யான அக்கறையோடு நாத்தனாரிடம் கேட்டார்கள்: "கணக்கு டீச்சரைக் கூட்டிட்டு வரட்டுமா, டீச்சர்?"

சரிசெய்யக் கணக்கு டீச்சர் படாத பாடில்லை. வா, என் வகுப்பில் வந்து உட்கார் என்றாள். நாத்தனார் வந்தாள், பின்வரிசையில் உட்கார்ந்து, பிசிறில்லாத அந்தப் பாடத்தை முழுவதும் பார்த்தாள், நன்றி சொல்லிவிட்டுப் போனாள். மறுநாள் எட்டாம் வகுப்பில் அவள் கணக்கு டீச்சரின் குரலில், கணக்கு டீச்சரைப் போலவே புருவத்தைத் தூக்கிப் பேசிப் பார்த்திருக்கிறாள். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்திருக்கிறது. அந்தச் சிரிப்பையும் கணக்கு டீச்சர் வெளியே நடந்தபடியே கேட்டாள். நடையின் வேகம் மாறவில்லை. உள்ளே போனால் மறுபடியும் சாக்பீஸைப் பிடுங்கிவிடுவோம் என்ற பயம். போகாவிட்டால் பின் எதற்கு இந்த வழிகாட்டி வேஷம் என்ற கேள்வி. பயத்துக்கும் கேள்விக்கும் நடுவே விதி மட்டும் வசதியாக இருந்தது.

பருவத்தின் கடைசி வாரம். தலைமையாசிரியர் அவளை அழைத்துக்கொண்டு தாழ்வாரத்தில் நடந்தார். சுவரில் ஒழுகும் குழாயைப் பற்றிப் பேசினார். கொத்தனாரை நம்பிப் பயனில்லை என்றார். எட்டாம் வகுப்புக் கதவு நெருங்க நெருங்க இரைச்சல் கூடியது. அவர் கை தானாகவே கடிகாரத்துக்குப் போனது.

"அப்புறம், உங்க நாத்தனார் விஷயம்," என்றார் அதற்குச் சாவி கொடுத்தபடியே. "வச்சுக்கலாமா? நீங்க சொன்னா சரி."

நல்லா போகுது என்ற இரண்டு சொற்களையும் அவள் காலையிலேயே தயார் செய்து வைத்திருந்தாள். தான் பிடுங்கியதைத் திருப்பிக் கொடுக்க வேறு வழி அவளுக்குத் தெரியவில்லை. வாயைத் திறந்தாள். உள்ளே கண்ணாடி விழுந்து நொறுங்கியது. தண்ணீர் கொட்டும் சத்தம், அதன்மேல் ஓர் ஆரவாரம். இருவரும் முகம் மாறாமல் அடுத்த அடியை எடுத்து வைத்தார்கள்.

கதவு திறந்தது.

நாத்தனார் நின்றிருந்தாள். முழங்கால்வரை உடை நனைந்து ஒட்டியிருந்தது. கதவைத் தன் பின்னால் சாத்தவில்லை. சுவரோடு தள்ளி, கொக்கியை மாட்டினாள். உள்ளே பிள்ளைகள் மேசைகள்மேல் ஏறி நின்று பார்த்தார்கள். தலைமையாசிரியர் சாவியைத் திருகிக்கொண்டே இருந்தார்.

"அண்ணி," என்றாள். அத்தனை நாட்களுக்குப் பிறகு அந்தச் சொல் எல்லார் முன்னாலும் வந்து விழுந்தது. "நல்லா போகுதுன்னு சொல்லப் போறீங்க, எனக்குத் தெரியும். சொல்லாதீங்க. இன்னொரு வருஷம் இந்தக் கதவுக்குப் பின்னாடி என்னால தனியா நிக்க முடியாது. ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். உள்ள நடக்கிறது உங்களுக்குக் கேக்குதா, இல்லையா?"

கேட்கவில்லை என்று சொன்னால் நாத்தனாரின் வேலை தங்கும்; அந்தக் கதவும் மறுபடி சாத்தப்படும். மற்ற பதிலுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று கணக்கு டீச்சருக்குத் தெரியும். வீட்டில் பேச்சு தேய்ந்துபோன அதே மேசை, வேலையில்லாத ஒருத்தி, ஒருபோதும் மறக்கப்போகாத ஒரு மதியம். தாழ்வாரத்தின் கோடியில் மொழியாசிரியை நின்று கைப்பையைத் திறந்துகொண்டிருந்தார்.

"கேக்குது," என்றாள் கணக்கு டீச்சர், அந்தத் தாழ்வாரத்தில் இருந்த கதவுகள் அனைத்துக்கும் கேட்கும்படியாக. "முதல் நாள்லேர்ந்தே கேக்குது. கேட்டுக்கிட்டேதான் தாண்டிப் போனேன்."