ரேடியோவில் மாமியார்

லயனலுக்கு வயது முப்பத்தொன்று. அவன் மாமியாருக்குப் பத்தொன்பது. வட ஆஸ்திரேலியாவின் ஆர்னெம் லேண்டில் இதைக் கேட்டு யாரும் சிரிக்க மாட்டார்கள். ரோவெனா அவன் மனைவியைப் பெற்றவள் அல்ல. அங்குள்ள யொல்ஙு பழங்குடியின் உறவுக் கணக்கில் மாமியார் முறை, அவ்வளவுதான். முறை என்று வந்துவிட்டால் மூச்! முகம் பார்க்கக் கூடாது, பேசக் கூடாது, பெயரைக்கூட வாயில் எடுக்கக் கூடாது.

வினை என்னவென்றால், இரண்டு பேரும் ஒரே மாதத்தில் ராணுவத்தில் சேர்ந்தார்கள். பயிற்சி முகாமில் அவள் சாப்பாட்டு வரிசையில் நின்றால் இவன் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் நின்றுகொள்வான். அதுவரை சரி. தெற்கிலிருந்து புதிதாக வந்த சார்ஜன்ட் கியோ, ரோவெனாவை முகாம் ரேடியோவில் உட்கார வைத்தார். ஆற்றுமுகத்திலிருந்து அவளுக்குத் தகவல் சொல்லும் வேலையை லயனலுக்குக் கொடுத்தார். போச்சு!

இரண்டு முறை லயனல் பொத்தானை அழுத்திவிட்டுக் கல்லாக நின்றான். அந்தப் பக்கமும் சத்தமில்லை. மூன்றாம் முறை சார்ஜன்ட் பக்கத்திலேயே வந்து நின்றார்.

"வாய்ல என்ன கொழுக்கட்டையா? இன்னிக்கும் பேசலேன்னா வெள்ளிக்கிழமை பிளேன்ல ஊருக்குக் கிளம்பு!"

அப்பா மீன்பிடித்த கடல் இது. இதைக் காவல் காக்கத்தான் லயனல் படைக்கே வந்தான். போன வருடம் இதே பயிற்சியில் ஒரு தடவை தோற்றும் போயிருந்தான். காரணத்தைச் சொல்லியிருக்கலாமே என்றால், ஊருக்கே தெரிந்த விஷயத்தை யாராவது போய்ச் சொல்வார்களா?

காலடியில் முகாம் நாய் பிஸ்கட் கொட்டாவி விட்டது. லயனல் பொத்தானை அழுத்தினான்.

"டேய் பிஸ்கட், நல்லாக் கேட்டுக்கோ. ஆத்துமுகத்துல ரெண்டு படகு. வடக்கால போகுது. கொடி இல்ல."

ரேடியோ கரகரத்தது. அந்தப் பக்கம் ரோவெனா தன் மேஜைமேல் இருந்த டீ கெட்டிலிடம் பேசினாள்.

"கெட்டிலே, கேட்டியா? ரெண்டு படகு, வடக்கு, கொடி இல்லியாம். எழுதியாச்சு."

சார்ஜன்ட்டுக்குக் கண் பிதுங்கியது. "என்னய்யா நடக்குது இங்க?"

"அங்க இருக்கறது என் மாமியார், சார்."

"அந்தச் சின்னப் பொண்ணா? ஏன்யா முன்னாடியே சொல்லல?"

"எல்லாருக்கும் தெரியுமே."

"எனக்குத் தெரியாதே!"

"நீங்க இங்க யாருக்கும் எந்த உறவுமுறையும் ஆகலையே, அதான் உங்களுக்குத் தெரியல. சரி விடுங்க, இனிமே நீங்க என் தம்பி."

சார்ஜன்ட்டுக்குத் தலைகால் புரியவில்லை. மூன்று நாள் பார்த்தவர்களிடமெல்லாம் தான் லயனலின் தம்பி என்றே சொல்லித் திரிந்தார். வேலைப் பட்டியலையும் கிழித்துப் போட்டார். யாருக்கு யார் என்ன முறை என்று கேட்டுக் கேட்டுப் புதிதாக எழுதினார்.

தேறியவர்களுக்குத் தொப்பி கொடுக்கும் நாள் வந்தது. லயனல் தன் தொப்பியை வாங்கித் தலையில் அழுத்திக்கொண்டான். அடுத்து ரோவெனா. சார்ஜன்ட் சிரித்தபடி கையை நீட்டினார்.

"தம்பி, முகத்தைத் திருப்பு," லயனல் பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தான். "எனக்கு மாமியார்னா உனக்கும் மாமியார்தான்."

சார்ஜன்ட் சட்டென்று முதுகைக் காட்டி நின்றார். தொப்பியைப் பக்கத்து மேஜையில் வைத்தார். கழுத்து சிவந்துவிட்டது. பிறகு குனிந்து நாயைப் பார்த்தார்.

"பிஸ்கட், அந்த ரேடியோக்காரங்ககிட்ட சொல்லு. அன்னிக்கு அவங்க மட்டும் பதில் சொல்லலேன்னா, என் அண்ணனை நானே பிளேன் ஏத்தி அனுப்பியிருப்பேன்."

ரோவெனா தொப்பியை எடுத்துக்கொண்டாள். "பிஸ்கட்," என்றாள், "கேட்டுச்சுன்னு சொல்லு."