சம்மதப் படிவத்தில் மீசை இல்லை

மருத்துவமனையின் வக்கீலம்மா அந்த நோட்டீஸை இரண்டு முறை படித்தார். முதல் முறை சிரிப்பு வந்தது. இரண்டாம் முறை வரவில்லை.

வளைந்த மூக்கெலும்பைச் சரிசெய்துகொள்ள வந்தவர் ஒரு டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். மயக்க மருந்து கொடுத்துத் தூங்கிய பிறகு, முப்பத்தெட்டு வருடமாக வளர்த்த அவருடைய மீசையை மழித்துவிட்டார்கள். கண் விழித்துக் கண்ணாடி கேட்டவர், கண்ணாடியில் இருந்தவரைப் பார்த்து "யாருங்க நீங்க?" என்றாராம். அவர் கையெழுத்துப் போட்ட சம்மதப் படிவம் நான்கு பக்கம். ரத்தப்போக்கு, பல் ஆட்டம், குரல் மாற்றம், மருந்து ஒவ்வாமை என்று எல்லாம் அதில் இருந்தன. மீசை மட்டும் இல்லை. அந்தப் படிவத்தை எழுதியவரே வக்கீலம்மாதான்.

மழித்தவர் ஆபரேஷன் தியேட்டரின் மூத்த நர்ஸ். இருபத்திரண்டு வருடச் சேவை. எல்லோருக்கும் அவர் ‘பெரிய சிஸ்டர்’. வாத்தியார் கொடுத்த புகாரை விசாரிக்க, இரண்டு வாரம் கழித்து வெள்ளிக்கிழமை காலை புகார்க் குழு கூடுகிறது. சம்மதமில்லாமல் செய்தார் என்று குழு எழுதிவிட்டால், நர்ஸ் பதிவு ஆறு மாதம் முடங்கும். பதிவு இல்லாதவர் வார்டுக்குள் கால் வைக்க முடியாது.

வக்கீலம்மா நல்லவர். காலையில் மேசை முன் உட்கார்ந்ததும் கண்ணை மூடி, "கடவுளே, என் பேனாவால யாருக்கும் கெடுதல் வரக்கூடாது" என்று வேண்டிக்கொண்டுதான் மூடியைத் திறப்பார். ஆனால் தொழில் பழக்கம் என்று ஒன்று இருக்கிறதே. நோட்டீஸ் வந்த பத்தாவது நிமிடம் ஒரு சுற்றறிக்கை போனது: ‘மேற்படி நோயாளியுடன் ஊழியர் எவரும் பேச்சு, எழுத்து, சைகை உள்பட எவ்வகையிலும் தொடர்புகொள்ளலாகாது.’

வழக்கைப் பற்றிப் பேசாதீர்கள் என்பதுதான் அவர் மனதில் இருந்தது. அதை எழுத மறந்துவிட்டார்.

வாத்தியாரோ கட்டு மாற்ற ஒன்றுவிட்டு ஒரு நாள் வந்துகொண்டிருந்தார். ஒரு வாரத்தில் இரண்டாவது நோட்டீஸ் வந்தது. ‘என் கட்சிக்காரரை ஊழியர்கள் மரக்கட்டையைப் போல நடத்துகிறார்கள்.’ என்னதான் நடக்கிறது என்று பார்க்க வக்கீலம்மா மாடியேறிப் போனார். கட்டு மாற்றும் அறைக் கதவு பாதி திறந்திருந்தது.

நாற்காலியில் வாத்தியார். பக்கத்தில் அவர் மனைவி. பெரிய சிஸ்டர் கையில் பஞ்சோடு நின்று, சலைன் பாட்டில் தொங்கவிடும் கம்பியைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்.

"கம்பியே, தலையைக் கொஞ்சம் அண்ணாந்தா நல்லாருக்கும்."

வாத்தியார் அண்ணாந்தார். "கம்பியே, கழுத்து வலிக்குதுன்னு சொல்லு."

"கம்பியே, ரெண்டே நிமிஷம். பொறுத்துக்கச் சொல்லு."

"ஏங்க, அந்தக் கம்பிகிட்ட அடுத்து எப்ப வரணும்னு கேளுங்க," என்றார் மனைவி.

வெளியே வக்கீலம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். சிரித்து முடித்துக் கையை எடுத்தபோது, உள்ளே பெரிய சிஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொள்வது தெரிந்தது. அது சிரித்துத் துடைத்த கண் இல்லை.

வாத்தியார் போன பிறகு சிஸ்டர் வக்கீலம்மாவைப் பிடித்துக்கொண்டார்.

"மேடம், ஒரே ஒரு தடவை மன்னிச்சிடுங்கன்னு சொல்லிக்கிறேன். வீட்டுக்குப் போனா தூக்கம் வரமாட்டேங்குது."

"சிஸ்டர், நீங்க மன்னிப்புக் கேட்டா தப்புப் பண்ணினேன்னு ஒத்துக்கிட்ட மாதிரி. அவங்க வக்கீல் அதை அப்படியே எடுத்துக் குழு முன்னாடி வைப்பார்."

"தப்புத்தானே மேடம் பண்ணினேன்?"

வக்கீலம்மா பேச்சை மாற்றினார்.

"அது கிடக்கட்டும். மூணு வாரம் ஆகப்போகுது, அவர் உதட்டு மேல புல் பூண்டு கூட முளைக்கலையே? கீறல் வேற ரெண்டு இருக்கு."

"தினமும் மழிக்கிறாராம் மேடம். அவர் வீட்டம்மா கம்பிகிட்ட சொன்னாங்க."

வக்கீலம்மா தன் அறைக்கு வந்து எதிர்த்தரப்பு வக்கீலுக்குப் போன் போட்டார். சட்டக் கல்லூரியில் இவருக்கு இரண்டு வருடம் பின்னால் படித்தவர். நீதிமன்றத்தில் ‘கற்றறிந்த நண்பர்’, போனில் தம்பி.

"ஏம்ப்பா, உன் கட்சிக்காரரைத் தினமும் சவரம் பண்ணச் சொல்லிருக்கியா?"

"ஆமாக்கா. வளர்ந்துட்டா வெள்ளிக்கிழமை குழு முன்னாடி எதைக் காட்டுறது? மீசையோட போய் நின்னு மீசை போச்சுன்னு சொல்ல முடியுமா?"

"அப்ப மீசை போச்சேன்னு அழறவரை, நீயே தினமும் மழிக்க வைக்கிற."



"அதைச் சொல்றீங்களே, அங்க கம்பிகூடப் பேசிட்டிருக்காங்களாமே, அது யார் போட்ட உத்தரவுக்கா?"

இருவரும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டார்கள்.

"தம்பி, நாம ரெண்டு பேரும் சேர்ந்து நல்ல மனுஷங்க ரெண்டு பேரை நல்லாப் பாடுபடுத்துறோம்," என்றார் வக்கீலம்மா. "நாளைக்கு அவங்களைக் கூட்டிட்டு வா. அரை மணி நேரம். அந்த அறைக்குள்ள பேசுறது எதையும் யாரும் எங்கேயும் சாட்சியமா எடுக்கக்கூடாதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக்குவோம்."

இயக்குநரிடம் அனுமதி கேட்டார். "ஏதாவது ஏடாகூடமானா உங்க தலைதான்" என்று சொல்லி அவர் போனை வைத்தார். அதை அனுமதி என்றே வக்கீலம்மா எடுத்துக்கொண்டார்.

மறுநாள் நீளமான ஆலோசனை அறையில் ஐந்து பேர் உட்கார்ந்தார்கள். வக்கீலம்மா நீட்டிய தாளைத் தம்பி வக்கீல் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"என்னக்கா, ஒரே வரி? உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"போடுப்பா கையெழுத்தை."

கையெழுத்துகள் விழுந்தன. பெரிய சிஸ்டர் எழுந்து நின்றார். கம்பி எதையும் தேடவில்லை, வாத்தியாரைப் பார்த்தார்.

"சார், நீங்க முழிச்சிருக்கும்போதே நான் கேட்டிருக்கணும். அன்னைக்கு மூணு ஆபரேஷன் வரிசையா இருந்துச்சு, அவசரத்துல மறந்துட்டேன். மயக்கம் கொடுத்தப்புறம்தான் மூச்சுக்குழாய் மேல ஒட்டுற டேப் மீசையில நிக்கலைன்னு பார்த்தேன். முழுசா எடுத்திருக்க வேண்டாம். ஓரத்துல கத்தரிச்சிருந்தாலே போதும். எப்பவும் பண்றதுதானேன்னு பண்ணிட்டேன். என் தப்புதான். மன்னிச்சிடுங்க."

இருபத்தைந்து வருடத் தொழிலில் தன் தரப்புக்காரர் இத்தனை தெளிவாக வாக்குமூலம் கொடுத்து வக்கீலம்மா கேட்டதில்லை.

வாத்தியார் மூக்குக் கட்டைத் தடவிக்கொண்டார்.

"இதை அன்னைக்குச் சாயங்காலமே சொல்லிருந்தா நான் வக்கீல் வீட்டுப் பக்கமே வண்டியைத் திருப்பிருக்க மாட்டேனேம்மா."

"சிஸ்டருக்கு அதுக்கப்புறமாவது சொல்லணும்னுதான் சார் இருந்துச்சு. நான்தான் விடலை," என்றார் வக்கீலம்மா.

"மீசை என்னங்க மீசை, வளர்ந்துட்டுப் போகுது. ஆனா கேக்காமப் பண்ணிட்டீங்களேன்னு இருந்துச்சு. நான் கார்ல பக்கத்துல உக்காந்திருக்கேன். படிக்க வர்றவன் ஸ்டியரிங்கைத் தப்பாப் பிடிச்சாக்கூட, சொல்லிட்டுத்தான் கை வைப்பேன். சொல்லாமப் பிடுங்கினா பயந்துடுவான்ல?" என்றவர் குரலைத் தாழ்த்தினார். "இப்ப அவனுங்க எவனும் என்னைக் கண்டு பயப்படுறதும் இல்ல. பிரேக்குன்னா ஹாரன் அடிக்கிறானுங்க."

"எனக்கு இப்படியே பிடிச்சிருக்கு," என்றார் மனைவி.

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

"ஆமா. முப்பத்தெட்டு வருஷமா இந்த மனுஷன் சிரிக்கிறாரா முறைக்கிறாரான்னு தெரியாமலே குடித்தனம் நடத்திட்டேன். இப்பத்தான் தெரியுது, பாதி நேரம் சிரிச்சுக்கிட்டுதான் இருந்திருக்காரு."

முதலில் சிரித்தவர் வாத்தியார்தான். சிரித்ததும் மூக்கு வலித்தது. "ஆ, ஆ" என்றார். பெரிய சிஸ்டர் ஓடிப்போய், "சார், சிரிக்காதீங்க, தையல் இருக்கு" என்று நேராக அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

வழக்கை வாத்தியார் திரும்பப் பெற்றார். ஆனால் புகார்க் குழுவின் விதி வேறு. ஒரு முறை பதிவான புகாரை, கொடுத்தவரே வேண்டாம் என்றாலும் அவர்கள் விசாரித்தே ஆக வேண்டும். அந்த ஒரு வரித் தாள் ஆலோசனை அறையைத்தான் காக்கும். குழு அறையை அல்ல. அங்கே பெரிய சிஸ்டர் வாய் திறந்தால் அத்தனையும் பதிவாகும்.

வெள்ளிக்கிழமை காலை, குழு அறை வாசலில் வக்கீலம்மா அவரைத் தனியே அழைத்தார்.

"சிஸ்டர், சட்டப்படி நீங்க எதுவும் சொல்லவேண்டியதில்ல. ‘என் வக்கீல் பேசுவாங்க’ன்னு சொல்லிட்டு உக்காந்துக்கலாம். அதுதான் பத்திரம். இதை நான் சொல்லித்தான் ஆகணும்."

"சொல்லிட்டீங்க மேடம். நான் பேசட்டுமா?"

வக்கீலம்மா காலை நேர வேண்டுதலை இன்னொரு முறை மனதுக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு தலையாட்டினார்.

உள்ளே மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் இருந்த தலைவர் கேட்டதும் சிஸ்டர் ஆலோசனை அறையில் சொன்னதையே சொன்னார். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. எழுதுபவர் எழுதிக்கொண்டார். வக்கீலம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தலைவர் வாத்தியாரைக் கேட்டார். "நீங்க ஏதாவது சொல்லணுமா?"

"ஒண்ணு இருக்குங்க. இவங்களை ஆறு மாசம் வீட்டுக்கு அனுப்பினா, அந்த ஆறு மாசமும் இன்னொருத்தர் இதே வேலையைப் பண்ணுவாங்க. அவங்களும் கேக்க மறப்பாங்க. இவங்க இனிமே மறக்க மாட்டாங்க. மறக்காதவங்களை ஏன் வெளிய அனுப்புறீங்க?"

தலைவர் இரண்டு பக்கமும் குனிந்து பேசினார். அந்த ஐந்து நிமிடத்தில் பெரிய சிஸ்டரின் கை வக்கீலம்மாவின் கைக்குள் எப்படி வந்தது என்று இருவருக்கும் தெரியாது. முடிவு வந்தது. எழுத்தில் ஒரு எச்சரிக்கை. பதிவு முடங்கவில்லை. தவறை மறைக்காமல் தானாகவே சொன்னதைக் குழு கணக்கில் எடுத்துக்கொண்டது என்றும் எழுதினார்கள். மருத்துவமனை தன் படிவத்தைத் திருத்த வேண்டும். முகத்திலோ தலையிலோ முடி எடுப்பதானால் நோயாளி விழித்திருக்கும்போதே கேட்க வேண்டும்.

அடுத்த மாதம் வக்கீல்கள் சங்கத்தில் ‘மருத்துவத் துறையில் இன்றைய சட்டச் சிக்கல்கள்’ என்று பேச வக்கீலம்மாவைக் கூப்பிட்டார்கள். அவர் மீசை வழக்கைச் சொன்னார். கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. கடைசியில் முன்வரிசைக்காரர் ஒருவர் எழுந்து, "மன்னிப்புக் கேக்கச் சொல்லி எந்தச் சட்டப் பிரிவுல இருக்கு மேடம்?" என்றார்.

"எதுலயும் இல்லைங்க. கேக்கக்கூடாதுன்னும் எதுலயும் இல்ல. அதை நாமளா சேர்த்துக்கிட்டோம்."

கடவுள் பெரிய அற்புதங்களை எப்போதாவதுதான் செய்கிறார். மற்ற நாட்களில் நம் வாயில் நாலு நல்ல வார்த்தையை வைத்துவிட்டு, சொல்கிறோமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அதற்கடுத்த திங்கட்கிழமை காலை தியேட்டர் வாசலில் ஒரு தள்ளுபடுக்கை நின்றது. அதில் படுத்திருந்தவருக்கு நெஞ்சுவரை தாடி. பெரிய சிஸ்டர் குனிந்தார்.

"ஐயா, தாடையில ஆபரேஷன். இந்த இடத்துல மட்டும் நாலு விரல் அகலத்துக்குத் தாடியை எடுக்கணும். எடுக்கட்டுமா?"

தாடிக்காரர் யோசித்தார். "ரெண்டு விரல் போதாதா?"

"டாக்டர்கிட்ட கேக்கிறேன்."

டாக்டர் உள்ளேயிருந்து மூன்று என்றார். தாடிக்காரர் இன்னும் யோசித்தார். பிறகு, "வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேனே" என்றார். சிஸ்டர் போனை எடுத்துக் கொடுத்தார். அந்தப் பக்கம் மணி அடித்துக்கொண்டே இருந்தது. டாக்டர் கழுவிய இரண்டு கையையும் மார்புக்கு நேரே தூக்கிப் பிடித்தபடி கதவருகே வந்து நின்றார். மயக்க மருந்து டாக்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். யாரும் தாடிக்காரரை அவசரப்படுத்தவில்லை.