தோற்போம் என்று எழுதுங்கள், அப்பா

அமெரிக்காவின் இந்தியானாவில் முடிதிருத்தும் கடை வைத்திருந்த மெர்ல் டாக்கரிக்கு மகள் டாம்சின் என்றால் உயிர். ஆனால் கூடைப்பந்து என்று வந்துவிட்டால் பாசத்தைக் கழற்றி ஆணியில் மாட்டிவிடுவார். அந்த மார்ச்சில், அவள் ஆடும் சின்னக் கல்லூரிக்கு முதன்முறையாகப் பெண்கள் சாம்பியன்ஷிப்பில் இடம் கிடைத்தது. அறுபத்து நான்கு அணிகளில் யார் யாரை வெல்வார்கள் என்று வாடிக்கையாளர்கள் ஆளுக்கொரு தாளில் எழுதிக் கடைக் கண்ணாடியோரம் ஒட்டினார்கள். மகளின் அணி முதல் ஆட்டத்திலேயே தோற்று வெளியேறும் என்று மெர்ல் எழுதினார்.

“பெத்த பொண்ணுய்யா!” என்றார் ஓய்வுபெற்ற தபால்காரர் ஃபிளாய்ட்.

“பொண்ணு வேற, புள்ளிவிவரம் வேற. தலைய ஆட்டாம உக்காரும்.”

அணி பதினொரு புள்ளியில் ஜெயித்தது. ஃபிளாய்ட் அந்தத் தாளைப் படம் பிடித்து டாம்சினுக்கே அனுப்பிவிட்டார். மறுநாள் காலையில் வீட்டுக்குப் போன் வந்தது.

“அப்பா, எங்கள முதல் நாளே மூட்டை கட்ட வச்சிட்டீங்களாமே?”

மெர்ல் தலையைச் சொறிந்தார். “அது... அம்மா எழுதினதும்மா.”

“என் தலையில கட்டாதீங்க!” அடுக்களையிலிருந்து மனைவி லோர்னா கத்தினாள்.

டாம்சின் சிரித்தாள். “டீம்ல எல்லாரும் அதுதான் ராசிங்கறாங்க. இனிமே ஒவ்வொரு ஆட்டத்துக்கும் தோப்போம்னே எழுதுங்க. மாத்தினீங்க, வீட்டுப் பக்கமே வரமாட்டேன்.”

அன்றிலிருந்து ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் ‘டாம்சின் அணி தோற்கும்’ என்று அட்டையில் எழுதிக் கடை வாசலில் தொங்கவிட்டார். “யாரு டாம்சின்?” என்று கேட்ட வெளியூர்க்காரர், “என் மகதான்” என்ற பதிலைக் கேட்டுப் பாதி வெட்டிய முடியோடு எழுந்து போனார். அணியோ ஜெயித்து ஜெயித்து இறுதி ஆட்டத்துக்கே வந்துவிட்டது. ஊரே கடைக்குள் எட்டிப் பார்த்து, “எழுதியாச்சா?” என்று விசாரித்தது.

அன்று மெர்லுக்குக் கை வரவில்லை. ‘ஜெயிக்கும்’ என்று எழுதி மாட்டிவிட்டு மூக்கைச் சிந்தினார்.

ஒரே ஒரு புள்ளியில் தோற்றார்கள்.

வீட்டுக்கு வந்த டாம்சின் பையைக்கூட இறக்கவில்லை. “புள்ளிவிவரம் என்னப்பா சொல்லிச்சு?”

“தோப்பீங்கன்னுதான்.”

“தெரிஞ்சுமா மாத்தினீங்க?”

“தெரிஞ்சுதாம்மா. மனசு கேக்கல.”

அவள் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். “அடுத்த வருஷம் பேனாவ அம்மாகிட்ட குடுத்துடுங்க.”

ஊர் அவ்வளவு சுலபத்தில் மன்னிக்கவில்லை. ஃபிளாய்ட் கோபித்துக்கொண்டு பக்கத்து ஊரில் போய் முடி வெட்டிக்கொண்டார். அங்கே ஒரு காதுக்கு மேல் மொத்தமாக வழித்து அனுப்பிவிட்டார்கள். மூன்றாம் வாரம் தொப்பியோடு வந்தவர், அதைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு மெர்லின் நாற்காலியில் உட்கார்ந்தார்.